ஒரு கிராமுக்கு நான்கு: அற்வோட்டரின் கணக்கு

அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. நிவாரண வரிசையில் நின்றவர்களுக்கு இந்தப் பட்டியல் மறக்காது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 2100 கிலோகலோரி என்ற அளவை வைத்தே அவசரகால உணவுப் பங்கீடு இன்று திட்டமிடப்படுகிறது. அந்தக் கணக்குக்கு அடிப்படையான எண்களைத் தந்தவர் வில்பர் ஒலின் அற்வோட்டர் என்ற அமெரிக்க இரசாயனவியலாளர்.

1844இல் நியூயோர்க் மாநிலத்தில் மெதடிஸ்த போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1869இல் யேல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம். பின்னர் ஜேர்மனியில் படிப்பு. உணவையும் உடல் வெப்பத்தையும் அளக்கும் வித்தை அப்போது அங்கேதான் இருந்தது.

அளவீடு பார்வைக்கு எளிது. உலர்த்திய உணவை உருக்குக் குடுவையில் வைத்து, ஒட்சிசனை அமுக்கி நிரப்பி, நீரில் அமிழ்த்தி மின்கம்பியால் பற்றவைப்பார்கள். ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் உயர்ந்தால் அது 1 கிலோகலோரி. ஆனால் குடுவை எரிப்பதையெல்லாம் உடல் எரிப்பதில்லை. குடுவையில் 1 கிராம் புரதம் ஐந்தரைக்கு மேல் தருகிறது. உடலிலோ ஒரு பங்கு சமிக்காமல் போகிறது, இன்னொரு பங்கு யூரியாவாகச் சிறுநீரில் வெளியேறுகிறது. அற்வோட்டர் மலத்தையும் சிறுநீரையும்கூட அளந்து கழித்தார். மிஞ்சியது 4. காபோவைதரேற்றுக்கும் 4, கொழுப்புக்கு 9. பிஸ்கற் பக்கற்றின் பின்புறம் அச்சாகும் கலோரிக்கு அடிப்படை இன்றும் இந்த எண்களே.

1890களில் பௌதிகவியலாளர் எட்வர்ட் ரோசாவுடன் சேர்ந்து, வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மனிதர் தங்கக்கூடிய கலோரிமானி ஒன்றைக் கட்டினார். சிறிய அறைதான். ஒருவர் நாட்கணக்கில் அதற்குள் உண்டார், உறங்கினார், சைக்கிள் மிதித்தார். குழாயில் ஓடிய நீர் அவரது வெப்பத்தைச் சுமந்து வந்தது. உள்ளே போன சக்தியும் வெளியே வந்த சக்தியும் கிட்டத்தட்டச் சரியாகப் பொருந்தின.

அற்ககோலும் உடலில் எரிந்து சக்தி தருகிறது என்பதும் அந்த அறையில் உறுதியானது. மதுவிலக்குக்காரர் கொதித்தனர், மது வியாபாரிகள் அதை விளம்பரமாக்கினர். போதகரின் மகன் முடிவை மறைக்கவில்லை. அவரிடம் எனக்குப் பிடித்தது இதுதான்.

பிழையும் உண்டு. விற்றமின்கள் அறியப்படாத காலம் அது. காசுக்குக் கிடைக்கும் கலோரியை மட்டும் பார்த்ததால், வறியவர்கள் பச்சைக் காய்கறிக்குச் செலவிடுவதை அவர் வீண் என்று எண்ணினார். மாவும் சீனியுமாக மாதங்களைக் கழித்தவர்களுக்கு அந்தக் கணக்கில் விடுபட்டது என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை.

1904இல் பக்கவாதம் அவரது வேலையை நிறுத்தியது. 1907இல் இறந்தார். மகள் ஹெலன் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் உணவு பற்றித் தொடர்ந்து எழுதினார்.