பொன்னை நிறுத்துப் பூமியை அளந்த பேரறிஞர் அல்பிரூனி

உங்கள் இல்லத்துப் பிள்ளைகள் ஏழாம், எட்டாம் வகுப்புகளில் பயிலும் அறிவியல் நூலைச் சற்றுப் புரட்டிப் பாருங்கள். சின்னஞ்சிறு இரும்பாணி நீரில் மூழ்குவதும் பெரிய மரக்கட்டை மிதப்பதும் ஏன்? ஆற்று மணல் எங்கிருந்து வந்தது? நாம் வாழும் இப்பூமி எத்துணைப் பெரியது? இவை இன்று பள்ளிப் பாடங்கள். ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வினாக்கள் அனைத்துக்கும் தம் கையாலேயே விடை தேடிய ஒருவர் இருந்தார். அவரே அபூரைஹான் முஹம்மது இப்னு அஹ்மது அல்பிரூனி ஆவார்.

நாடிழந்த இளமை

ஹிஜ்ரி 362ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 973இல், குவாரிஸ்ம் நாட்டின் தலைநகராகிய காத் நகரின் புறத்தே அவர் பிறந்தார். அவ்வூர் இன்றைய உஸ்பெக்கிஸ்தானில் உள்ளது. பாரசீக மொழியில் பிரூன் என்றால் வெளிப்புறம் என்று பொருள். அரச குடும்பத்தைச் சேர்ந்த கணித மேதை அபூநஸ்ர் மன்ஸூர் அவருக்கு ஆசானாக வாய்த்தார். பதினேழு வயதளவிலேயே சூரியனின் உச்ச உயரத்தை அளந்து தம் ஊரின் அட்சரேகையைக் கணக்கிட்டார் அவர்.

ஆயினும் அமைதி நீடிக்கவில்லை. 995இல் மூண்ட உள்நாட்டுப் போரில் அவரை ஆதரித்த அரசகுலம் வீழ்ந்தது. இளைஞர் பிரூனி நாட்டைவிட்டு ஓட நேர்ந்தது. ரை நகரில் வறுமை அவரை வாட்டியது. அங்கே வானியல் பற்றிய விவாதமொன்றில் எதிர்வாதம் செய்தவன், அவர் கூற்றை ஆராயாமல் அவருடைய ஏழ்மையைச் சுட்டியே இகழ்ந்தான். பின்னர் அவர் நிலை உயர்ந்தபோது அதே மனிதன் நட்புப் பாராட்டினான் என்று பிரூனியே எழுதிவைத்துள்ளார். சொல்பவனின் செல்வத்தைக் கொண்டு சொல்லின் உண்மையை எடைபோடும் உலகத்தை அவர் அப்போதே கண்டுகொண்டார்.

பனிக்கட்டி எழுப்பிய வினா

இருபதுகளின் நடுவில் இருந்த பிரூனி, தம்மினும் ஏழாண்டு இளையவராகிய இப்னு ஸீனாவுக்குப் பதினெட்டு வினாக்களை எழுதி அனுப்பினார். அரிஸ்டாட்டிலின் இயற்கைத் தத்துவம் பெரிதும் போற்றப்பட்ட காலம் அது. பொருள்கள் வெப்பத்தால் விரிந்து குளிரால் சுருங்குமெனில், நீர் நிறைந்த கண்ணாடிக் குப்பி உறைபனியில் உடைவது ஏன்? திடமாகிவிட்ட பனிக்கட்டி நீரில் அமிழாமல் மிதப்பது ஏன்? இவையும் அவ்வினாக்களுள் அடங்கும். இப்னு ஸீனா முன்னோர் வழிநின்று விடையளித்தார். பிரூனி நிறைவடையாமல் மறுப்புகளைத் திருப்பி அனுப்பினார்.

இன்று நாம் விடையை அறிவோம். நீரின் மூலக்கூறுகள் ஓயாது இயங்குபவை. வெப்பம் குறையக் குறைய அவ்வியக்கம் தணிகிறது. உறையும்போதோ அவை ஒன்றோடொன்று பிணைந்து, இடையிடையே வெற்றிடம் உள்ள கூடுபோல் அமைகின்றன. எனவே அதே நீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு கூடுதலாக இடம் பிடிக்கிறது, குப்பி உடைகிறது. எடை மாறாமல் பருமன் பெருகுவதால் அடர்த்தி குறைகிறது, பனிக்கட்டி மிதக்கிறது. மூலக்கூற்றைப் பற்றி அறியாத காலத்தில், இவ்விரு நிகழ்ச்சிகளையும் விளக்கம் தேவைப்படும் புதிர்களாகக் கண்டதே பிரூனியின் கூர்மதிக்குச் சான்றாகும்.

கூம்புக் கலமும் பொன்னும்

1017இல் கஜினி மஹ்மூது குவாரிஸ்மைக் கைப்பற்றினார். அங்கிருந்த அறிஞர்களோடு பிரூனியும் கஜினிக்குக் கொண்டு செல்லப்பட்டார். கைதி என்றும் சொல்ல இயலாத, விருந்தினர் என்றும் சொல்ல இயலாத வாழ்வு அது. மறு ஆண்டு காபூல் அருகே ஒரு சிற்றூரில் தங்கியிருந்தபோது வானை அளக்க அவரிடம் கருவி எதுவும் இல்லை. கணக்குப் பலகையின் பின்புறத்தில் வட்டவில் வரைந்து அதையே கருவியாக்கிக்கொண்டார்.

உலோகங்களையும் இரத்தினங்களையும் அவர் அளந்த வரலாறு தனிச்சிறப்புடையது. மேல்நோக்கிக் குறுகிச் செல்லும் கூம்பு வடிவக் கலம் ஒன்றை அமைத்தார். அதன் கழுத்திலிருந்து கீழ்நோக்கி வளைந்த குழாய் ஒன்று புறப்படும். குழாய் வாய் மட்டும் நீர் நிரப்பிப் பொருளை உள்ளே இட்டால், அப்பொருளின் பருமனுக்கு ஈடான நீர் குழாய் வழியே தராசுத் தட்டில் விழும். அகன்ற வாயுடைய கலத்தில் நீர்மட்டம் சிறிது உயர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. குறுகிய கழுத்திலோ ஒரு துளியும் கணக்கில் வந்துவிடும். கூம்பு வடிவத்தின் நுட்பம் இதுவே.

100 மிஸ்கால் பொன்னை அதில் இட்டபோது வெளியேறிய நீர் ஐந்தேகால் மிஸ்கால். அதே எடையுள்ள இரும்பு வெளியேற்றியதோ பதின்மூன்று மிஸ்காலுக்குச் சற்றுக் குறைவு. வகுத்துப் பாருங்கள்! பொன் நீரைப்போல் பத்தொன்பது மடங்கு கனமானது. இரும்பு ஏழே முக்கால் மடங்கு. இன்றைய ஆய்வுக்கூடங்கள் தரும் அளவு பொன்னுக்கு 19.3, இரும்புக்கு 7.9. ஆயிரம் ஆண்டு இடைவெளியில் இவ்வளவே வேற்றுமை! இவ்வளவுகளை 1121ஆம் ஆண்டளவில் அல்காஸினி என்பார் ஞானத்தராசு எனப் பொருள்படும் தம் நூலில் பதிந்து காத்தளித்தார்.

இதனால் யாருக்குப் பயன் என்று கேட்பீர்களாயின், கடைத்தெருவில் நகை வாங்கும் எளியவரை எண்ணிப் பாருங்கள். பொன்னில் வெள்ளியோ செம்போ கலந்தால் நிறத்தைக் கொண்டு ஏமாற்றலாம். எடையைக் கூட்டியும் காட்டலாம். ஆனால் எடையும் பருமனும் சேர்ந்து சாட்சி சொல்லும்போது பொய் நிற்பதில்லை. பொருளை உருக்காமல், உரசாமல், அதன் மெய்ம்மையை அறியும் வழி இது. அளவையிலும் நிறுவையிலும் நேர்மையைக் கடமையாக்கிய மார்க்கத்தில் வளர்ந்தவர், அந்நேர்மைக்கு ஒரு கருவியே செய்து வைத்தார் எனலாம்.

கல் சொன்ன கதை

சமஸ்கிருதம் கற்று இந்திய நாட்டைப் பற்றி 1030இல் அவர் முடித்த பெருநூல் உலகறிந்தது. தம் அரசரின் படையெடுப்புகள் இந்நாட்டின் வளத்தை அழித்தன என்று அதில் மறையாமல் எழுதினார். அந்நூலில் மண்ணைப் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு. மலையடிவாரத்தில், ஆறு வேகமாகப் பாயுமிடத்தில், உருண்ட பெருங்கற்கள் கிடக்கின்றன. சமவெளியில் அவை சிறுத்து, கடல் அருகே ஓட்டம் தளருமிடத்தில் மணலாகிவிடுகின்றன. ஆகவே இப்பரந்த சமவெளி முன்னர் கடலாயிருந்து, ஆற்று வண்டலால் நிரம்பியதாக வேண்டும் என்று முடிவு கண்டார். அரேபியப் பாலையில் கிணறு தோண்டுகையில் சிப்பிகள் பொதிந்த கற்கள் கிடைப்பதைக் காட்டி, அதுவும் ஒருகாலத்தில் கடலே என்றார்.

மலையுச்சியில் ஒரு கணக்கு

கிப்லாவின் திசையைச் சரியாக அறியவேண்டுமானால் ஊர்களின் இருப்பிடத்தைத் துல்லியமாக அறிதல் வேண்டும். அந்நோக்கத்தோடு 1025இல் அவர் முடித்த நூலில் பூமியை அளக்கும் எளிய வழி ஒன்று காணப்படுகிறது. அதற்கு முன் கலீஃபா மஃமூன் அனுப்பிய ஆய்வாளர்கள் பாலைவனத்தில் நெடுந்தொலைவு நடந்து அளந்தனர். பிரூனியோ இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனாக் கோட்டை அருகே ஒரு மலையைத் தேர்ந்தார். அதன் உயரத்தை 652 முழம் எனக் கணித்தார். உச்சியில் ஏறி, தொடுவானம் கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என அளந்தார். அது 34 கலை, அதாவது அரைப்பாகைக்குச் சற்று மிகுதி. இவ்விரண்டைக் கொண்டே பூமியின் ஆரம் சுமார் 1 கோடியே 28 லட்சம் முழம் என்று கண்டார். அவர் காலத்து முழத்தின் நீளம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. காற்றில் ஒளி வளைவதையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. எனினும் வழி பிழையற்றது.

பொன்னை நிறுத்த கணக்கும் பூமியை அளந்த கணக்கும் பிற்காலத்தில் ஒன்று கூடின. 1798இல் கேவண்டிஷ் என்னும் ஆங்கிலேயர் பூமியின் சராசரி அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ ஐந்தரை மடங்கு என்று கண்டார். மேலே கிடக்கும் பாறைகளோ மூன்று மடங்கையும் எட்டுவதில்லை. அப்படியாயின் உள்ளே இதனினும் கனமான பொருள் இருக்கவேண்டுமன்றோ? மேலோடு, கவசம், இரும்பு மிகுந்த கருவம் என்று பிள்ளைகள் படிக்கும் பாடத்தின் அடிப்படைகளுள் இதுவும் ஒன்று.

இறுதி மூச்சு வரை

1048ஆம் ஆண்டளவில் கஜினியிலேயே அவர் மறைந்தார். மரணப் படுக்கையில் கிடந்தபோது காண வந்த சட்ட அறிஞரிடம், முன்பு பேசிய வாரிசுரிமைக் கணக்கு ஒன்றை விளக்குமாறு வேண்டினாராம். இந்நிலையிலுமா என்று வந்தவர் தயங்க, அறியாமல் உலகை விட்டுப் பிரிவதைவிட அறிந்து பிரிவது மேலன்றோ என்று பிரூனி கேட்டாராம். விளக்கிவிட்டு அவர் வீதிக்கு வந்தபோதே வீட்டினுள் அழுகுரல் எழுந்தது என்று வரலாற்றாசிரியர் கூறுவர்.

வாசகர்களே! உங்கள் பிள்ளை நாளை ஒரு பனிக்கட்டியைக் காட்டி, இது ஏன் மிதக்கிறது என்று கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். ஒரு குவளை நீரை எடுத்து வைத்து, உடன் அமர்ந்து பாருங்கள்.