யாருக்கு வக்கீல்?

தேர்தல் வருகிறது என்றால் கரிசல் சீமையிலே மழைக்கு முன்பே இடி முழங்கத் தொடங்கிவிடும். புதூரிலே, நாகலாபுரத்திலே, விளாத்திகுளத்திலே, தேநீர்க்கடைப் பலகைகள் எல்லாம் வழக்கு மன்றங்களாகிவிடும். கண்மாய்க் கரை உடைந்து கிடக்கிறதே, மிளகாய் வற்றலுக்கு விலை இல்லையே, பருத்தி போட்டவன் கடனிலே நிற்கிறானே என்ற பேச்செல்லாம் பின்னுக்குப் போய்விடும். வேட்பாளர் யார், அவர் தொழில் என்ன என்று ஆராய்ச்சி நடக்கும். அவர் வக்கீலாக இருந்துவிட்டாலோ, போயிற்று! இன்ன கொலை வழக்கிலே குற்றவாளிக்காக வாதாடியவர் அல்லவா, இன்ன திருட்டு வழக்கிலே திருடனை வெளியே கொண்டுவந்தவர் அல்லவா, இவருக்கா உங்கள் ஓட்டு என்று ஒலிபெருக்கி அலறும். கேட்பவர்களிலே பாதிப்பேர் தலையாட்டுவர்.

நாம் தலையாட்டத் தயாராக இல்லை. வக்கீலுக்கும் கட்சிக்காரன் உண்டு, அரசியலுக்கும் கட்சிக்காரன் உண்டு. இந்த இரண்டு கட்சிக்காரனையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருகிற வினை இது. கூண்டில் ஏறியவன் எல்லாம் குற்றவாளிதான் என்றால் நீதிபதி எதற்கு? சாட்சி எதற்கு? போலீசார் எழுதிய தாளையே தீர்ப்பு என்று படித்துவிட்டுப் போய்விடலாமே!

வக்கீல் இல்லாத விசாரணை எப்படி இருக்கும் என்று இந்தச் சீமைக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. கோவில்பட்டிக்குத் தெற்கே இருக்கிறது கயத்தாறு. 1799 அக்டோபர் 16-ல் அங்கேதான் பானர்மன் என்ற வெள்ளைத் தளபதி பாளையக்காரர்களை எல்லாம் வரவழைத்து நிறுத்தி, கட்டபொம்மன்மீது குற்றச்சாட்டுகளைப் படித்தான். படித்தவனே தீர்ப்பும் சொன்னான். அன்றே தூக்கு. கட்டபொம்மன் பக்கம் நின்று, இது சட்டமா, முறையா என்று கேட்க ஒரு நாக்கு இல்லை.

அந்தக் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்திலே ஓர் ஊர், ஓட்டப்பிடாரம். புதூர்க்காரர்கள் எட்டையபுரம் தாண்டித் தெற்கே போனால் வந்துவிடும். அங்கே 1872 செப்டம்பர் 5-ல் பிறந்தவர் வ. உ. சிதம்பரனார். கப்பல் ஓட்டியவர் என்று நாடு அறியும், செக்கிழுத்தவர் என்று நாடு அழும். ஆனால் கப்பலுக்கு முன்னும் செக்குக்குப் பின்னும் அவர் யார்? வக்கீல்! குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடிய வக்கீல். இந்தப் பக்கத்தை நம் மேடைகள் அதிகம் புரட்டுவதில்லை. புரட்டியிருந்தால், வக்கீல் வேட்பாளரைக் கண்டதும் வாய்க்கு வந்ததைப் பேசுகிற வழக்கம் இந்த மண்ணிலே முளைத்திராது.

தந்தை உலகநாத பிள்ளையும் வக்கீல். மகன் தாலுகா அலுவலகத்திலே சிலகாலம் எழுத்தராக உட்கார்ந்து பார்த்தார், மனம் ஒட்டவில்லை. திருச்சிராப்பள்ளிக்குப் போய்ச் சட்டம் படித்து, 1894-ல் பிளீடர் தேர்விலே தேறி, 1895-ல் ஓட்டப்பிடாரத்திலேயே தொழில் தொடங்கினார். இலண்டனுக்குப் போய் வந்த பாரிஸ்டர் அல்ல, சென்னையிலே மாளிகை கட்டிய பெருவக்கீலும் அல்ல. தாலுகா ஊரின் பிளீடர். மானாவாரி உழவனும் கைத்தொழிலாளியும் போலீசுக்கு அஞ்சி ஓடிவந்து நிற்கும் வாசல் அது.

அந்த வாசலிலே அவர் யாரைத் திருப்பி அனுப்பவில்லை என்பதுதான் சேதி. தந்தை வசதி படைத்தோருக்காக வாதாடுவார், மகன் வக்கற்றோருக்காக எழுந்து நிற்பார், சில வழக்குகளிலே தந்தையும் மகனும் எதிரெதிரே நின்றதும் உண்டு என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். கற்பனை செய்து பாருங்கள், ஒரே வீட்டிலே காலைச் சோறு உண்டுவிட்டு வந்த இருவர், மன்றத்திலே இரு துருவமாக! துணை மாஜிஸ்திரேட்டுகள் மூவர்மீது ஊழல் குற்றத்தை மெய்ப்பித்தார் என்றும் எழுதியிருக்கிறார்கள். வக்கீலுக்கு நீதிபதியைப் பகைத்துக்கொண்டால் பிழைப்பு என்னாவது? போலீசைப் பகைத்துக்கொண்டால் ஊரிலே நடமாடுவது எப்படி? மகனுடைய துணிச்சல் மகனையே விழுங்கிவிடும் என்று தந்தை அஞ்சினார். 1900-ல் தூத்துக்குடிக்குப் போய்த் தொழில் நடத்தும்படி அனுப்பிவைத்தார். புயலுக்குப் பயந்து கடற்கரைக்கு அனுப்பியது போலாயிற்று!

தூத்துக்குடிக் கதை ஊரறிந்தது. வெள்ளையர் கப்பல் நிறுவனத்தின் ஏகபோகத்தை எதிர்த்து 1906 அக்டோபர் 16-ல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. கயத்தாற்றிலே கட்டபொம்மன் தொங்கிய அதே அக்டோபர் 16, நூற்றேழு ஆண்டு கழித்து! ஒரு பங்கு 25 ரூபாய், 40,000 பங்கு, மூலதனம் பத்து இலட்சம். மறு ஆண்டிலே காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வந்தன.

இங்கே நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 25 ரூபாய் அன்று இந்தச் சீமையிலே சிறு தொகை அல்ல. ஓட்டுக் கேட்கிறவருக்கு ஓர் ஓட்டுதான் போகிறது. சிதம்பரனார் கேட்டதோ பணம். எந்த முகத்தை நம்பி மக்கள் கொடுத்தார்கள்? அவர் ஜமீன்தார் அல்ல, ஆலை முதலாளி அல்ல. அவரிடம் இருந்த சொத்து, பத்தாண்டுகளுக்கு மேலாக வழக்கு மன்றத்திலே ஏழைக்காகப் பேசிச் சம்பாதித்த பெயர். எந்தத் தொழிலைக் காட்டி இன்று வேட்பாளரை இழிவு செய்கிறார்களோ, அந்தத் தொழிலே அன்று நம்பிக்கைக்கு ஈடாக நின்றது.

1908 பிப்ரவரி இறுதியிலே கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம். கூலி கூடியது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. ஆட்சிக்குப் பொறுக்கவில்லை. மார்ச் 12-ல் சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் பத்மநாப அய்யங்காரும் கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டிலே நால்வர் மாண்டனர்.

கூண்டிலே நிற்பவனுக்காக வாதாடியவர் கூண்டிலேயே நிறுத்தப்பட்டார். சாட்சியை மடக்கிக் கேள்வி கேட்டுப் பழகியவர், தம்மைப் பற்றிச் சொல்லப்படும் சாட்சியத்தைக் கைகட்டிக் கேட்டார். பாரதியார் எதிர்வழக்குச் சாட்சியாக வந்து நின்றார். பின்ஹே என்ற நீதிபதி 1908 ஜூலை 7-ல் தீர்ப்பளித்தார். அரச நிந்தனைக்காக இருபதாண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக இன்னும் இருபதாண்டு. நாற்பதாண்டு! கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். நவம்பரிலே உயர்நீதிமன்றம் தண்டனையை ஆறாண்டாகக் குறைத்தது.

இதையும் கவனியுங்கள். அந்த மேல்முறையீட்டை நடத்தவும் வக்கீல்கள் தேவைப்பட்டார்கள். அரசின் கோபத்துக்கு ஆளான ஒருவருக்காக எழுந்து நின்றவர்கள் அவர்கள். அவர்களைப் பார்த்து அன்றைய ஆட்சியின் அன்பர்கள் என்ன எண்ணியிருப்பார்கள்? இராசத் துரோகிக்கு வக்கீல் என்றுதான்! இன்று நம் ஊர் ஒலிபெருக்கியிலே கேட்கிற குரலுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு, நமக்கு விளங்கவில்லை.

கோவைச் சிறை, கண்ணூர்ச் சிறை, செக்கு. 1912 டிசம்பர் 24-ல் விடுதலை. வெளியே வந்தபோது கம்பெனி இல்லை, 1911-லேயே மூடப்பட்டுவிட்டது. வக்கீல் சன்னதும் இல்லை, தண்டனையோடு அதுவும் பறிபோயிருந்தது. சென்னையிலே சிந்தாதிரிப்பேட்டை, பெரம்பூர் என்று குடியிருந்து, அரிசியும் எண்ணெயும் விற்றுப் பார்த்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்கென்று திரட்டிக் காந்தியாரிடம் கொடுத்த பணத்துக்காக 1915-லும் 1916-லும் கடிதம் மேல் கடிதம் எழுதிக் காத்திருந்தார், கடைசியிலே வந்து சேர்ந்தது முந்நூற்றுச் சொச்சம் ரூபாய். அந்தக் கடிதங்கள் இன்று அச்சிலே இருக்கின்றன, படிக்கக் கல்மனம் வேண்டும்.

இந்த நிலையிலேதான் 1920 வந்தது. கல்கத்தாவிலே காங்கிரசின் சிறப்பு மாநாடு ஒத்துழையாமைத் தீர்மானம் நிறைவேற்றியது. பள்ளியைத் துற, பட்டத்தைத் துற, வழக்கு மன்றத்தைத் துற! மோதிலால் நேருவும் சித்தரஞ்சன் தாசும் கொழித்த தொழிலைத் துறந்தார்கள், அது தியாகந்தான், மறுக்கவில்லை. சிதம்பரனார் அந்த முறையை ஏற்கவில்லை, காங்கிரசைவிட்டு விலகினார். பின்னர் வாலஸ் என்ற வெள்ளை நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது, மீண்டும் கருப்பு அங்கி அணிந்தார்.

அவ்வளவுதான், அரசியல் உலகிலே முணுமுணுப்பு. ஊரெல்லாம் மன்றத்தைவிட்டு வெளியேறும் வேளையிலே இவர் உள்ளே போகிறாரே என்ற முணுமுணுப்பு. நாம் பதில் சொல்கிறோம். துறப்பதற்கு ஒன்று கையிலே இருக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு முன்பே ஆட்சி அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டதை அவர் எப்படித் துறப்பது? தியாகத்தை முதலிலே செய்தவரைப் பார்த்து, எல்லாரும் செய்யும்போது செய்யவில்லையே என்று கேட்பது என்ன நியாயம்? இன்னொன்றும் உண்டு. தலைவர்கள் மன்றத்தைவிட்டு வந்துவிடலாம், போலீஸ் பிடித்துக்கொண்டுபோன ஏழையால் வந்துவிட முடியுமா? அவன் கூண்டிலேதானே நிற்கிறான்!

வாலசுக்கு நன்றியாகத் தம் கடைசி மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். வெள்ளையன் ஆட்சியை எதிர்த்துச் செக்கிழுத்தவர், நேர்மையாக நடந்த ஒரு வெள்ளையனின் பெயரை வீட்டுக்குள்ளே அழைத்துக்கொண்டார். இதைக் குறையென்று சொல்பவரோடு நாம் வாதிடப் போவதில்லை.

அப்படித் திரும்பி வந்த வக்கீல் தொழில் நடத்திய ஊர்களிலே கோவில்பட்டியும் ஒன்று. ஆம், நம் கோவில்பட்டிதான். 1920-களிலே அங்கே குடியிருந்து, 1932-ல் தூத்துக்குடிக்குத் திரும்பும்வரை வழக்காடினார். பகலிலே மன்றம், மற்ற நேரத்திலே தொல்காப்பியமும் திருக்குறளும். வருமானம் பெரிதில்லை, வந்ததும் தங்கவில்லை. 1927-ல் சேலம் மாவட்ட அரசியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அழைத்தார்கள், போய்ப் பேசிவிட்டு மீண்டும் தம் கட்சிக்காரர்களிடமே வந்து சேர்ந்தார்.

இவர் ஒருவர்தானா என்று கேட்பார்கள். 1918-ல் வரதராசுலு நாயுடு மதுரையிலே பேசியதற்காக வழக்கு, அவருக்காக வாதாடியவர் இராசகோபாலாச்சாரியார். அதே நாயுடு, மதுரை ஜார்ஜ் ஜோசப்போடு சேர்ந்து, 1933-ல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கிலே சிக்கவைக்கப்பட்ட இளைஞர் காமராசருக்குத் துணை நின்றார். வழக்கு நிற்கவில்லை. நான்காண்டு கழித்து, 1937-ல், அந்த இளைஞர் சாத்தூரிலிருந்து போட்டியின்றிச் சட்டமன்றம் போனார். அதே ஆண்டு ஜார்ஜ் ஜோசப்பும் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி சேர்ந்த தொகுதியிலிருந்து மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குற்றப்பரம்பரைச் சட்டத்திலே நசுங்கிய கள்ளர் மக்களுக்காக மன்றம் ஏறியவர் அவர். குற்றப்பரம்பரைக்கு வக்கீல் என்று வாக்காளர் அவரை ஒதுக்கவில்லை. அமெரிக்காவிலே 1770-ல் பாஸ்டன் நகர மக்களைச் சுட்ட ஆங்கிலச் சிப்பாய்களுக்கு வக்கீலாக ஜான் ஆடம்ஸ் நின்றார். ஊர் தூற்றியது. பெரும்பாலோர் விடுதலையானார்கள். அதே ஆடம்ஸ் 1797-ல் அந்நாட்டின் இரண்டாவது குடியரசுத் தலைவர்.

கருப்பு அங்கி போட்டவர் எல்லாம் சிதம்பரனார் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் புதூர்க்காரர்களே சிரிப்பார்கள். வக்கீல் வேட்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய உண்டு. கூலி வாங்கிக்கொண்டு வாய்தா நாளிலே காணாமற் போனாரா? கட்சிக்காரனை எதிரியிடம் விற்றாரா? பொய்ச் சாட்சியைச் சோடித்தாரா? ஏழையின் நிலப் பத்திரத்தைத் தம் பெட்டியிலே பூட்டிக்கொண்டாரா? கேளுங்கள், உரக்கக் கேளுங்கள், நாமும் சேர்ந்து கேட்கிறோம். யாருக்காக வாதாடினார் என்பதை மட்டும் குற்றப்பத்திரிகையாக எழுதாதீர்கள். அந்தக் குற்றப்பத்திரிகையிலே முதல் பெயராக ஓட்டப்பிடாரத்துப் பிளீடரின் பெயரை எழுத வேண்டியிருக்கும்.

அவர் 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியிலே மறைந்தார். 1986-ல் புதிய மாவட்டம் அமைந்தபோது அதற்குச் சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது, இன்று தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரைத் தாங்குகிறது. இறக்கும் ஆண்டிலே அவர் எழுதிவைத்த உயிலும் இருக்கிறது. எத்தனையோ பேரின் சொத்து வழக்குகளைப் பார்த்த அந்த வக்கீல், தம் உயிலிலே பெரிதும் எழுதியது, எந்தெந்தக் கடைக்கு எவ்வளவு பாக்கி என்ற கடன் கணக்கு.