சம்பளம் வாங்க மறுத்த பேராசிரியர்

தாராபுரம் பக்கத்தில் ஒரு தோட்டம். நல்ல இருட்டு. எங்கோ ஒரு காளை கழுத்து மணியை ஆட்டுகிறது. அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று தோட்டக்காரர் உடனே சொல்லிவிடுவார். அவருக்குக் காது இரண்டு அல்லவா?

இன்றைய புதுக் கார்கள் பலவற்றில் ராடார் என்ற கருவி இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத வானொலி அலையை அனுப்புகிறது. எதிரே மாடோ மனிதரோ இருந்தால், அலை பட்டுத் திரும்புகிறது. அந்த அலையின் நீளம் சுமார் 4 மில்லிமீட்டர்தான்.

ஏறக்குறைய அவ்வளவு சின்ன அலையை 1895-லேயே ஆராய்ந்தவர் ஓர் இந்தியர். அவர்தான் ஜகதீச சந்திர போஸ்.

மீனவர் மகனுடன் படிப்பு

போஸ் 1858 நவம்பர் 30-ந் தேதி மைமன்சிங்கில் பிறந்தார். அவ்வூர் இப்போது வங்காள தேசத்தில் இருக்கிறது. தகப்பனார் சர்க்கார் அதிகாரி. ஆனாலும் மகனை முதலில் வங்காளிப் பள்ளிக்கே அனுப்பினார். அங்கே மீனவர் மகனும் போஸும் ஒன்றாக உட்கார்ந்து படித்தார்கள். பிறகு கல்கத்தாவிலும் இங்கிலாந்திலும் படித்தார்.

மூன்று வருஷப் போராட்டம்

1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியர் ஆனார். வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம். அதே வேலை செய்யும் இந்தியருக்குக் குறைந்த சம்பளம்!

போஸ் சண்டை போடவில்லை. தவறாமல் பாடம் நடத்தினார். சம்பளத்தை மட்டும் தொடவில்லை. வீட்டிலோ தகப்பனார் பட்ட கடன். அப்படியே மூன்று வருஷம் ஓடியது. முடிவில் சர்க்கார் இறங்கி வந்தது. பாக்கியோடு முழுச் சம்பளம் கிடைத்தது. அதைக் கொண்டு கடனை அடைத்தார்.

சுவரைக் கடந்த அலை

ஆராய்ச்சிக்குக் கிடைத்தது ஒரு சின்ன அறை. துணைக்கு ஒரு தகர வேலைக்காரர். அவரைக் கொண்டே கருவிகளைச் செய்தார். அலையை வாங்கப் புனல் போன்ற குழாயும் செய்தார்.

கல்கத்தா டவுன் ஹாலில் பலர் முன்னிலையில் சோதனை நடந்தது. அலை, துணைக் கவர்னரின் உடலையும் சுவரையும் கடந்தது. அடுத்த அறையில் மணி அடித்தது, வெடிமருந்து வெடித்தது!

இதை வைத்துப் பணம் சேர்க்க அவர் விரும்பவில்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால் 1904-ல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பெற்றார். அதையும் பணமாக்கவில்லை. பின்னர் செடிகொடிகளை ஆராய்ந்தார். 1917-ல் போஸ் ஆராய்ச்சிக் கழகத்தை நிறுவினார். 1937 நவம்பர் 23-ந் தேதி காலமானார்.

பன்னிரண்டு காதுகள்

ராடாரைச் செய்தவர் போஸ் அல்ல. அது பின்னால் வந்தது. இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்துக் கடற்கரையில் இருந்த ராடாரின் அலை 10 மீட்டருக்கும் மேல் நீளம். அதற்கு 360 அடி உயரக் கோபுரங்கள் தேவைப்பட்டன.

அலை சின்னதானால் ஏரியலும் சின்னதாகும். 4 மில்லிமீட்டர் அலைக்கு, 2 மில்லிமீட்டருக்கு ஒன்றாக ஏரியல்களை வைக்கலாம். உள்ளங்கை அகலத்தில் பல ஏரியல்கள் அடங்கும். திரும்பும் அலை ஒவ்வொன்றிலும் இம்மி நேரம் முன்பின்னாகப் படும். கம்ப்யூட்டர் அதைக் கணக்கிட்டுத் திசையைச் சொல்லும்.

இதில் இன்னொரு தந்திரமும் உண்டு. அனுப்பும் ஏரியல் 3, வாங்கும் ஏரியல் 4 என்று வைத்துக்கொள்வோம். அனுப்பும் அலை ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் கொடுத்துவிட்டால், எது யார் அனுப்பியது என்று பிரித்தறியலாம். அப்போது கணக்கில் 12 காதுகள் ஆகிவிடும்! காதுகள் கூடக் கூட, அருகருகே நிற்கும் மாடும் மனிதரும் தனித்தனியாகத் தெரிவார்கள்.

இருட்டுச் சாலையில் டிரைவர் கவனிக்கத் தவறினாலும், கார் தானே பிரேக் போட இது உதவுகிறது, உயிர் பிழைக்கிறது. அந்தச் சின்ன அலைக்கு அன்றே பாதை போட்டவர், குறைந்த சம்பளத்துக்குத் தலை வணங்காத அந்தப் பேராசிரியர்.