பண்டிதை இரமாபாய்: துயரிற் கண்ட துணை

சென்ற மாரிகாலத்தில், எஹலியகொடவுக்கு அணித்தான றப்பர்த் தோட்டமொன்றின் லயத்திலே, என்னிடம் தமிழ் படித்த சிறுவன் ஒருவன் காய்ச்சலால் இறந்தான். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் நான் அவ்வீட்டிற்குச் சென்றேன். அவன் தாய் பால் வெட்டும் தொழிலாளி. கர்த்தர் தன் ஒரே மகனை ஏன் எடுத்துக்கொண்டார் என்று அவள் என்னைக் கேட்டாள். நான் உபதேசியார் ஒருவரின் மகன். கீழ்த்திசைக் கல்லூரியிற் பயின்று, முப்பது ஆண்டுகளாக இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து வருபவன். ஆயினும் அவ்வினாவிற்கு விடை கூற என் நா எழவில்லை. கற்ற ஆறுதல் மொழிகளெல்லாம் அவள் முகத்தைக் கண்டதும் பதராய்ப் போயின. ஆகவே விடை கூறுவதை விடுத்து, ஒரு பெண்மணியின் வரலாற்றைச் சொன்னேன். அதனையே ஈண்டு வாசக அன்பர்களுக்கும் சொல்ல விரும்புகின்றேன்.

பண்டிதை இரமாபாய் 1858ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆம் நாள், கன்னட நாட்டு மேற்கு மலைத் தொடரிற் பிறந்தவர். தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்கரே, வடமொழிப் புலமை மிக்க மராத்தியப் பிராமணர். பெண்களுக்கு வடமொழி ஆகாது என்றிருந்த காலத்தில், தம் மனைவியார் இலட்சுமிபாய்க்கு அதனைக் கற்பித்து, அதனாற் குலத்தாரின் பகையைத் தேடிக்கொண்டவர். தாயார் தாம் கற்றதனை மகளுக்கு ஊட்டினார். குடும்பம் தலந்தோறும் சென்று, புராணம் படித்து, கிடைத்ததைக் கொண்டு வாழ்ந்தது.

பின்னர்ப் பஞ்சம் வந்தது. கையிருப்பு அனைத்தும் தீர்ந்து, இலையும் கனியும் தின்று உயிர் தாங்கும் நிலை வந்தது. 1874இல் தந்தையார் இறந்தார். சில கிழமைகளுள் தாயாரும் இறந்தார். தாயாரின் பாடையைச் சுமக்க ஆள் கிடைக்கவில்லை. மகனோடு பிராமணர் இருவர் முன்வந்தனர். நான்காவது ஆளாக இரமாபாயே சுமந்தார். உயரம் குறைந்தவராதலின், தோளில் ஏற்றவேண்டிய பாடையைத் தலையில் தாங்கிச் சுடலை வரை நடந்தார். அதன்பின் தமக்கையும் இறந்தார். இதனைக் கூறும்போது அத்தாய் தலை நிமிர்ந்து என்னை நோக்கினாள். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சமே தமிழ் மக்கள் பலரை இத்தீவின் தோட்டங்களுக்குத் துரத்தியது. பசியாற் பெற்றோரை இழந்து நடந்தவர் கதை, நம் லயங்களுக்கு அயலார் கதையன்று.

எஞ்சிய தமையனாரும் தங்கையும் பல்லாயிரம் கல் நடந்து, 1878இற் கல்கத்தா நகரை அடைந்தனர். அங்குள்ள அறிஞர், அவ்விளம்பெண்ணின் புலமையை வியந்து, பண்டிதை என்றும் சரசுவதி என்றும் பட்டம் அளித்தனர். பட்டம் வந்தது, துயரோ விலகவில்லை. 1880இல் தமையனார் இறந்தார். அவ்வாண்டே விபின் விகாரி மேதாவி என்னும் வங்காள வழக்கறிஞரைச் சாதி கடந்து மணந்தார். மறு ஆண்டு மனோரமா என்னும் மகள் பிறந்தாள். அதற்கடுத்த ஆண்டே கணவரை வாந்திபேதி கொண்டுபோயிற்று. இருபத்து நான்கு வயது நிரம்பு முன்பே, கைக்குழந்தையன்றி வேறு உறவில்லாத கைம்பெண்ணானார்.

கணவர் இல்லத்திலிருந்த காலத்திலே, வங்க மொழியில் அச்சான லூக்கா நற்செய்தி நூல் ஒன்று அவர் கைக்குக் கிட்டியிருந்தது. 1883இல் இங்கிலாந்து சென்றார். மருத்துவம் கற்க விழைந்தார். செவிப்புலன் குன்றியமையால் அவ்வாசையும் கைகூடவில்லை. ஆங்கே, நெறி தவறியவரென உலகம் ஒதுக்கிய பெண்களைக் கன்னியர் மடத்தார் அன்போடு பேணுவதைக் கண்டார். அவ்வன்பின் ஊற்று யாதென வினவியபோது, கிணற்றடியில் இயேசு பெருமான் சமாரியப் பெண்ணோடு உரையாடிய வரலாற்றை அவர்கள் காட்டினர். அவ்வாண்டு செப்டெம்பர் 29ஆம் நாள் மகளோடு திருமுழுக்குப் பெற்றார்.

இங்கு ஒன்றைக் கருதுதல் வேண்டும். திருமுழுக்குப் பெற்றவுடன் அவர் உள்ளம் அமைதி எய்திவிடவில்லை. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே, மதத்தைக் கண்டதன்றி மீட்பரையும் கண்டதாகத் தாம் உணர்ந்தமையை அவரே எழுதிவைத்துள்ளார். ஆறுதல் காலந்தாழ்த்தும் வரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1889இல் பம்பாயில், கைம்பெண்களுக்கெனச் சாரதா சதனம் என்னும் கல்வி இல்லத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு அது பூனா நகருக்கு மாறிற்று. 1896இல் மத்திய மாகாணங்களைப் பஞ்சம் பற்றியது. அச்செய்தி அவருக்குப் பழைய நினைவாயிற்று. தாமே நேரிற் சென்று, பட்டினியால் நலிந்த பெண்களும் சிறுமியருமாக ஏறத்தாழ 300 பேரைத் திரட்டிவந்தார். பூனாவுக்கு அணித்தான கேட்காவிற் கிணறு வெட்டி, வீடெழுப்பி, முக்தி என்னும் இல்லத்தை அமைத்தார். 1900ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்பின் அங்கு வாழ்ந்தோர் தொகை 2,000ஐ அணுகிற்று. நெசவும் அச்சுத்தொழிலும் கற்று அவர்கள் தம் காலில் நின்றனர். பார்வையற்ற சிறுமியருக்கு மனோரமா புள்ளி எழுத்துக் கற்பித்தாள்.

முதுமையில் இரமாபாய் திருமறை முழுவதையும் எளிய மராத்தியில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். 1921 யூலையில், தமக்குப்பின் இல்லத்தை நடத்துவாளென நம்பியிருந்த ஒரே மகள் மனோரமா இறந்தாள். அவரோ பணியை நிறுத்தினாரல்லர். எழுத்துப் பிழை திருத்தும் வேலையை ஈற்றுத்தாள் வரை முடித்து, 1922 ஏப்பிரல் 5ஆம் நாள் துயில்கொண்டவாறே உயிர் நீத்தார்.

ஏன் என்ற வினாவிற்கு விடை கண்டவராக இரமாபாய் எனக்குத் தோன்றவில்லை. கல்லறையின் முன் நின்று கண்ணீர் விட்ட இறைவனைத் துணையாகக் கண்டார். அத்துணையைப் பிறர்க்கும் ஈந்தார். பாடை சுமக்க ஆளில்லாது வருந்திய பெண், ஆளில்லாதார் ஆயிரவரைத் தாங்கினார். உயிர்த்தெழுதலின் நம்பிக்கை, இறந்தாரைக் காண்போம் என்ற எதிர்நோக்கு மட்டுமன்று. இருப்பாரைக் கைவிடாமைக்கு வேண்டிய வலிமையும் அதுவே.

அத்தாய் அன்று ஒன்றும் கூறவில்லை. எனக்குத் தேநீர் தந்து, மகனின் கொப்பிகளை எடுத்துக் காட்டினாள். சில மாதங்களின்பின் அதே தோட்டத்தில் வேறொரு வீட்டிற் குழந்தை இறந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது, அவ்வீட்டுத் தாயின் அருகே அவள் அமர்ந்திருந்தாள். அவளும் ஆறுதல் மொழி எதுவும் கூறவில்லை. கையை மட்டும் பற்றியிருந்தாள். பண்டிதனாகிய எனக்கு அன்று கிட்டாத விடையை அக்கையிற் கண்டேன்.