மௌலானா ஆசாதும் கல்கத்தா மாநகரும்

விடுதலை இந்தியாவின் முதல் கல்வியமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்களை நினைக்குங்கால் தில்லியே நம் கண்முன் தோன்றும். அவர் அமைச்சராய்ப் பணியாற்றியதும் அடக்கமாகியிருப்பதும் அங்கேதான். ஆயினும் அவரை ஆளாக்கிய ஊர், இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தாவே. அவ்வுறவினை இங்குச் சுருங்கக் காண்போம்.

புனித மக்காவில் 1888 நவம்பர் 11ஆம் நாள் பிறந்த ஆசாத், குழந்தைப் பருவத்திலேயே கல்கத்தா வந்து சேர்ந்தார். ஜித்தாவில் விழுந்து காலெலும்பு முறிந்த தந்தையார் மௌலானா கைருத்தீன் அவர்கள் மருத்துவம் நாடி அங்கு வந்தார். சீடர்களின் அன்பு அவரைத் திரும்பவிடவில்லை. பள்ளிக்கூடம் செல்லாது வீட்டிலேயே அரபும் பாரசீகமும் மார்க்கக் கல்வியும் கற்ற ஆசாத், 1903இல் பதினைந்து வயதிலேயே 'லிசானுஸ் ஸித்க்' என்னும் திங்களிதழை அந்நகரில் தொடங்கினார்.

1905இல் நிகழ்ந்த வங்கப் பிரிவினை அந்நகரைக் கொந்தளிக்கச் செய்தது. அந்நாளைய புரட்சியாளர்கள் முஸ்லிம்களை ஐயுற்று ஒதுக்கி வைத்திருந்தனர். சியாம் சுந்தர் சக்கரவர்த்தியின் தொடர்பால் அவர்களிடையே சென்ற ஆசாத், அவ்வையத்தைக் களைய முனைந்தார். மறுபுறம், தம் சமுதாய மக்களை விடுதலைப் போருக்கு அழைக்க 1912 ஜூலை 13இல் 'அல்ஹிலால்' வார இதழை வெளியிட்டார். ஈராண்டுகளுக்குள் வாரந்தோறும் 26,000 படிகள் விற்பனையாயின. அரசு 2,000 ரூபாயும், பின்னர் 10,000 ரூபாயும் பிணைத்தொகை பெற்றுப் பறிமுதல் செய்தது. இதழ் நின்றதும் 1915இல் 'அல்பலாக்' எழுந்தது. 1916 ஏப்ரலில் அவரை வங்கத்தினின்றே வெளியேற்றினர். 1919 இறுதிவரை ராஞ்சியில் காவலில் இருந்தார். ஆங்கும் ஒரு மதரஸாவை நிறுவினார். மீண்டு வந்தவரை 1921 டிசம்பரில் அதே நகரில் கைது செய்து, ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தனர்.

கல்கத்தா அவருக்கு அளித்த பெருந்துயரமும் ஒன்றுண்டு. 1942 ஆகஸ்ட் தொடக்கத்தில், காங்கிரஸ் தலைவரான அவர் பம்பாய்க்குப் புறப்பட்டபோது, நோயுற்றிருந்த துணைவியார் சுலைகா பேகம் வாயில்வரை வந்து வழியனுப்பினார். அதுவே இறுதிச் சந்திப்பு. ஆகஸ்ட் 9இல் கைதாகி அகமதுநகர்க் கோட்டையில் அடைபட்ட ஆசாத், மனைவியின் நோய் முற்றிய செய்தி வந்தபோதும் அந்நிய அரசிடம் சலுகை கேட்க இசையவில்லை. 1943 ஏப்ரலில் அம்மையார் மறைந்தார். 1945 ஜூனில் விடுதலையாகிக் கல்கத்தா திரும்பியபோது, வரவேற்பு மாலைகளால் நிறைந்திருந்த வண்டியை வீட்டிற்கு முன்னரே அடக்கத்தலத்திற்குத் திருப்பச் சொன்னார். மாலைகளில் ஒன்றை மனைவியின் கப்ரின்மீது வைத்து, அமைதியாக ஃபாத்திஹா ஓதினார். நாட்டிற்காக அவர் ஈந்தது எத்தகையது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அடுத்த ஆண்டே மற்றொரு துயரம் நேர்ந்தது. 1946 ஆகஸ்ட் 16இல் கல்கத்தாவில் வகுப்புக் கலவரம் மூண்டு, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அன்று தில்லி செல்லப் புறப்பட்ட ஆசாத், இருவகுப்பாரையும் இணைக்கத் தாம் பாடுபட்ட நகரின் தெருக்களில் வெறியாட்டத்தைக் கண்டார். டம்டம் விமான நிலையத்தில் படையினர் செயலற்றுக் காத்திருந்தமை அவர் உள்ளத்தை வாட்டியது.

எனினும் அவர் நம்பிக்கை தளரவில்லை. 1953 பிப்ரவரி 1இல், ஆங்கில ஆட்சியாளர் வாழ்ந்த பெல்வெடர் மாளிகையில் தேசிய நூலகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தவர் கல்வியமைச்சர் ஆசாதே. எந்த ஆட்சி அவரை அந்நகரினின்று துரத்தியதோ, அவ்வாட்சியின் மாளிகை நூல்களின் இல்லமாயிற்று.

1958 பிப்ரவரி 22இல் ஆசாத் மறைந்தார். அவர் தில்லி ஜும்ஆ மஸ்ஜித் அருகிலும், துணைவியார் கல்கத்தாவிலும் துயில்கின்றனர். 1926இல் இஸ்லாமியாக் கல்லூரியாகத் தோன்றிய கல்கத்தாக் கல்லூரி, 1960 முதல் மௌலானா ஆசாத் கல்லூரி என வழங்குகின்றது. பள்ளிக்கூடம் காணாத அப்பெருமகனாரின் பெயரால் இன்று எண்ணற்றோர் கற்கின்றனர். கல்வியும் நல்லிணக்கமும் அவர் நமக்கு விட்டுச்சென்ற செல்வங்கள். அவற்றைக் காத்தல் மாணவச் செல்வங்களின் கடமையாகும்.