தொப்பி ஒன்றுக்குக் கிடைத்த விவிலியம்

ஆளில்லாத் தீவில் இருபத்தெட்டு ஆண்டுகள் காற்றோடும் மழையோடும் பசியோடும் போராடிய ரொபின்சன் குரூசோவின் கதையை நம் பிள்ளைகள் பள்ளிப் பருவத்திலேயே படித்துவிடுகின்றனர். டானியல் டீபோ என்னும் ஆங்கில எழுத்தாளர் 1719ஆம் ஆண்டு வெளியிட்ட புதினம் அது. அப்புதினத்திற்குத் துணைநின்ற நூல்களுள் ஒன்று நமது இலங்கைத் திருநாட்டில் ஒரு மனிதர் பட்ட பாடுகளின் வரலாறு என்று ஆய்வாளர் பலர் கருதுவதைப் பலரும் அறியார். அம்மனிதரின் பெயர் ரொபேர்ட் நொக்ஸ்.

1641இல் இங்கிலாந்தில் பிறந்த நொக்ஸ், கப்பல் தலைவரான தந்தையோடு இளம்வயதிலேயே கடலோடினார். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக் கரையருகே வீசிய புயலில் அவர்களது கப்பல் பாய்மரத்தை இழந்தது. அதனைச் செப்பனிடத் திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டனர். அங்கே கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள், தந்தையும் மகனும் உட்படப் பதினாறு பேரைச் சிறைப்பிடித்தனர். அது 1660 ஏப்ரல் மாதம். நொக்ஸுக்கு அப்போது வயது பத்தொன்பது.

அவர்களுக்கு விலங்கும் இல்லை, மதிற்சுவரும் இல்லை. மலையும் அடர்காடும் காய்ச்சலுமே காவலாக இருந்தன. பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரில் தந்தையும் மகனும் காய்ச்சலில் வீழ்ந்தனர். 1661 பெப்ரவரியில் தந்தை கண்மூடினார். அடக்கம் செய்ய உதவி கேட்டபோது, மாடு கட்டும் கயிற்றினால் உடலைக் காட்டுக்குள் இழுத்துச் சென்று போட்டுவிடலாம் என்று ஊரார் முன்வந்தனர். மகனின் நெஞ்சம் அதற்கு இசையவில்லை. நடக்கவும் வலுவற்ற நிலையில், கூலிக்கு ஓர் ஆளை அமர்த்தி, தம்மோடு இருந்த பணியாள் சிறுவனின் துணையோடு தந்தையை முறைப்படி மண்ணுக்குக் கையளித்தார்.

இருபது வயதில் அநாதையாகி, அந்நிய மண்ணில் தனித்து நின்ற அவருக்கு எஞ்சியிருந்தவை இரண்டு பக்தி நூல்கள். அவற்றைத் திரும்பத் திரும்பப் படித்து ஏறக்குறைய மனப்பாடமே செய்துவிட்டார். ஒருநாள் ஓடையில் மீன் பிடித்துக்கொண்டிருந்த வேளையில், அவ்வழியே வந்த முதியவர் ஒருவர், இவர் நூல் வாசிப்பாரா என்று சிறுவனிடம் வினவினார். 1656இல் போர்த்துக்கேயர் கொழும்பு நகரை ஒல்லாந்தரிடம் இழந்தபோது தம் கைக்கு வந்த நூலொன்றை விற்க அவர் விரும்பினார். வாங்கிப் பார்த்த நொக்ஸ் திகைத்தார். அது ஆங்கில விவிலியம்! விரித்த பக்கமோ திருத்தூதர் பணிகள் நூலின் பதினாறாம் அதிகாரம். சிறைக்காவலன் பவுலடியாரிடம் மீட்புக்கு வழி கேட்கும் பகுதி. தம்மிடமிருந்த ஒரே வராகனையும் கொடுத்துவிடத் துடித்தார் நொக்ஸ். ஆனால், ஆவலை வெளிக்காட்டாது இருக்குமாறு சிறுவன் அறிவுரை கூறவே, பின்னல் தொப்பி ஒன்றே அதற்கு விலையாயிற்று.

அதன்பின் அவர் சோர்ந்து கிடக்கவில்லை. தொப்பி பின்னி விற்றார். நெல்லைக் கடனாகக் கொடுத்து வாங்கினார். கண்டிக்கு அண்மையிலுள்ள எலதெத்த கிராமத்தில் நிலம் வாங்கி மரங்கள் நட்டார். பின்னர் ஸ்டீபன் ரட்லண்ட் என்னும் தோழரோடு ஊர் ஊராகச் சென்று சிறுபொருள் விற்கும் வியாபாரியாகி, தப்பும் பாதையை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 1679 செப்டெம்பரில் இருவரும் புறப்பட்டனர். அநுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவின் கரை வழியே, யானைகள் உலவும் காட்டில் இரவில் தீ மூட்டிப் படுத்து நடந்தனர். ஒக்டோபர் 18ஆம் நாள் மன்னார்ப் பகுதியின் அரிப்புக் கோட்டையை அடைந்து ஒல்லாந்தரிடம் அடைக்கலம் புகுந்தனர். பத்தொன்பதரை ஆண்டுச் சிறைவாழ்வு முடிந்தது. 1681இல் அவரது நூல் இலண்டனில் வெளிவந்தது.

அன்புக்குரியவர்களே, கதை இவ்விடத்தில் முடிந்திருந்தால் நாம் மகிழ்வோடு எழுந்து செல்லலாம். ஆனால் வரலாறு மேலும் பேசுகிறது. 1684இல் நொக்ஸ் கப்பல் தலைவராக மடகாஸ்கருக்குப் பயணமானார். எதற்காக? சென் ஹெலனா தீவுக்கு அடிமைகளை வாங்கிச் செல்வதற்காக! பிறந்த மண்ணை விட்டுப் பிரிக்கப்படுவதன் வேதனையைத் தம் உடலிலேயே அறிந்தவர், அதே வேதனையைப் பிறருக்கு விற்கப் புறப்பட்டார். அத்தீவிலே அவருடைய கப்பல் பணியாளர் கலகம் செய்து, அவரைக் கரையில் விட்டுவிட்டுக் கப்பலோடு போய்விட்டனர். டீபோவின் குரூசோவும் அடிமைகளைத் தேடிச் சென்ற பயணத்திலேதான் கப்பலுடைந்து தீவில் ஒதுங்குகிறான் என்பதை நாம் மறக்கலாகாது. நொக்ஸ் எப்படியோ நாடு திரும்பி, 1720இல் மறைந்தார்.

காட்டை வென்றவர் தம்முள் இருந்த காட்டை வெல்லவில்லை. புயலிலிருந்து தப்புவது வேறு, மீட்படைவது வேறு. தாம் முதன்முதலில் விரித்த விவிலியப் பக்கத்தில், மீட்புப் பெற்ற அந்தச் சிறைக்காவலன் செய்த முதற்காரியம் கைதிகளின் காயங்களைக் கழுவியதே. அந்த வரியை நொக்ஸ் தம் வாழ்வில் எழுதத் தவறிவிட்டார்.

அவர் தப்பியோடி எட்டு ஆண்டுகளின் பின், 1687இல், கோவாவிலிருந்து ஒருவர் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். அவரே நம் புனித யோசேப் வாஸ். கரையேறியதும் வயிற்றுக்கடுப்பினால் வீதியோரம் கிடந்தார். 1692இல் கண்டிக்குச் சென்று, ஒற்றன் என்று சிறைவைக்கப்பட்டார். நொக்ஸ் விட்டோடிய அதே மலைநாட்டுக்குள் இவர் விரும்பியே நுழைந்தார். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி, நோயாளரைக் காட்டில் கைவிட்டு மக்கள் ஓடியபோது, இவர் அவர்களைத் தேடிச் சென்று பேணினார். இறந்தோரைத் தம் கைகளாலேயே அடக்கம் செய்தார். அவருக்கும் இயற்கை எதிராகத்தான் நின்றது. ஆனால் தம்மைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அவர் போராடவில்லை. பிறரைக் காப்பாற்றவே போராடினார்.

கொலன்னாவையில் வாழும் நமக்கு இது தொலைவான பாடமன்று. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி நம் வீடுகளுக்குள் புகுந்தபோது, இனமும் மதமும் பாராது ஒருவர் மற்றவரின் பிள்ளையைத் தோளில் சுமந்தோம். ஒரே அடுப்பின் சோற்றைப் பகிர்ந்தோம். புத்தாண்டும் பெரிய வெள்ளியும் ஒன்றாய் வந்த 2017 ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோரை விழுங்கியபோது, நாம் எறிவது அயலவரின் கூரைமீது மலையாகிறது என்பதையும் கண்டோம். வெள்ளம் வடிந்ததும் அந்த அன்பும் வடிந்துவிட்டதா? கண்ணீர் காய்ந்ததும் அந்தப் பாடமும் காய்ந்துவிட்டதா?

இவ்வாரம் குடும்பச் செபத்தின் முடிவில், நம்மை ஆண்டவர் கரைசேர்த்த ஒரு துன்பத்தைப் பிள்ளைகளோடு நினைவுகூர்ந்து நன்றி செலுத்துவோம். அதன்பின், அதே துன்பத்தில் இன்று தத்தளிக்கும் ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டுவோம். நாம் கரையேறியது வீண்போகாதிருக்கட்டும்.