பிராண்டு அம்மையார்

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் புதுச்சத்திரம் என்னும் ஊர் உள்ளது. அங்கு நின்று கிழக்கே நோக்குவோர்க்கு, சோளமும் நிலக்கடலையும் விளையும் மேட்டு நிலங்களுக்கு அப்பால், நீல நிறமாய் எழுந்து நிற்கும் கொல்லிமலை புலப்படும். வல்வில் ஓரியால் புகழ்பெற்ற மலை அது. அம்மலையின்மீது, மலைமக்கள் அன்புடன் பாட்டி என்று அழைத்த ஆங்கில மாது ஒருவர் வாழ்ந்து மறைந்தார். அவரே ஈவ்லின் பிராண்டு அம்மையார்.

இளமை

அம்மையார் 1879ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் செல்வம் மிக்க வணிகர் குடும்பத்தில் பிறந்தார். குறைவின்றி வளர்ந்தார், ஓவியக்கலை பயின்றார். அழகிய ஆடைகளில் அவருக்கு விருப்பம் மிகுதி. எனினும், கடவுள் தமக்கு அளித்த வாழ்வைத் தம் இன்பத்திற்கே செலவிடுதல் தகுமா என்னும் எண்ணம் அவர் உள்ளத்தை வாட்டியது. கொல்லிமலையில் தொண்டாற்றி வந்த ஜெசி பிராண்டு என்பவர் இங்கிலாந்து சென்றிருந்தபோது, மலைமக்களின் நிலையை எடுத்துரைத்தார். அதைக் கேட்ட அம்மையார், முப்பது வயதைக் கடந்த பின்னர், செல்வ வாழ்வைத் துறந்து தமிழ்நாட்டிற்கு வந்தார். 1913ஆம் ஆண்டு இருவருக்கும் திருமணம் நடந்தது. மணம் முடிந்ததும் மணமக்கள் கொட்டும் மழையில் மலைக்காட்டு வழியே ஏறித் தம் இல்லத்தை அடைந்தனர்.

மலைவாழ்வு

அந்நாளில் மலைக்குச் சாலை இல்லை, மருத்துவமனையும் இல்லை. மலைக்காய்ச்சல் ஆண்டுதோறும் பலரைக் கொண்டுசென்றது. குடிநீர் வழியே உடலிற் புகும் நரம்புச் சிலந்திப் புழு, காலைத் துளைத்து வெளிவந்து, உழவரைப் பல நாள் நடக்கவொட்டாமற் செய்தது. ஜெசி பிராண்டு கட்டடத் தொழில் அறிந்தவர். மருத்துவமும் ஓரளவு பயின்றவர். அவர் தம் கையாலேயே மரவீடு கட்டினார், புண்களைக் கழுவினார், புழுக்களைப் பக்குவமாய் வெளியே எடுத்தார். பள்ளிகள் எழுந்தன. பழமரங்கள் பயிராயின. அம்மையார் இப்பணிகள் அனைத்திலும் கணவருக்குத் துணை நின்றார்.

மக்கள் மருந்து பெற்றனர், நன்றியும் கூறினர். ஆனால் பல ஆண்டுகள் கடந்தும், அவர்களுடைய சமயத்தைத் தழுவ ஒருவரும் முன்வரவில்லை. பயன் கருதியே பணிசெய்பவர் இந்நிலையில் கடையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டிருப்பர். இவர்களோ மருந்துப் பெட்டியை மூடவில்லை. தொண்டு என்பது கடவுளுக்குச் செலுத்தும் அன்பு. அதற்கு விலை கேட்டல் முறையன்று என்று அவர்கள் கருதினர்.

அவர்களை எதிர்த்தவருள் ஊர்ப் பூசாரி ஒருவரும் இருந்தார். கொடிய காய்ச்சல் பரவியபோது அவரும் நோயுற்றார். உறவினரும் அஞ்சி விலகிய வேளையில், பிராண்டு தம்பதியர் அவர் வீட்டிற்குச் சென்று பணிவிடை செய்தனர். தம் இறுதியை உணர்ந்த பூசாரி, தம் பெண்குழந்தையை அவர்கள் கையிலேயே ஒப்படைத்தார். அம்மையார் அக்குழந்தையைத் தம் மகளாய் வளர்த்தார்.

சோதனை

1929ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஜெசி பிராண்டு கடும் காய்ச்சலால் மலையிலேயே உயிர் நீத்தார். அப்பொழுது அவர்தம் மக்கள் இருவரும் இங்கிலாந்தில் கல்வி பயின்று வந்தனர். தந்தை இறந்த செய்தி தந்தியில் எட்டியது. அவர் முன்பே எழுதிய கடிதங்களோ கப்பலில் வந்து, அதன் பின்னரே ஒவ்வொன்றாய் மகன் பாலின் கையை அடைந்தன.

கடவுளுக்காகவே அனைத்தையும் விட்டு வந்தவர் அம்மையார். பிறர் நோயைத் தீர்த்த இல்லத்திலேயே கணவரை நோய்க்குப் பறிகொடுத்தார். இறைவனை வழிபட்டால் இன்னல் வாராது, நலம் பெருகும் என்பதே பக்தியின் பொருளாயின், அவருடைய நம்பிக்கை அன்றே முறிந்திருக்க வேண்டும். அவர் துயரால் நொறுங்கினார், இங்கிலாந்து சென்றார். ஆயினும், கொடுத்த பொருளுக்காகவே கடவுளை நேசித்தவர் அல்லர் ஆதலின், எடுத்துக்கொண்டபோதும் அவரை விட்டு விலகவில்லை. மீண்டும் தமிழ்நாட்டிற்குத் திரும்பினார்.

முதுமையும் முயற்சியும்

ஏறக்குறைய எழுபதாம் வயதில் அவர் பணியிலிருந்து ஓய்வு பெற வேண்டியதாயிற்று. முதியவரைத் தனியே மலைக்கு அனுப்பச் சங்கத்தார் இசையவில்லை. அம்மையாரோ சங்கத்தின் பொறுப்பினின்று விலகி, தாமே மலையேறிச் சிறு குடில் ஒன்றில் வாழலானார். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை முதலிய ஐந்து மலைகளிலும் தொண்டு செய்தல் வேண்டும் என்பது கணவரும் அவரும் கண்ட கனவு. அதனை நிறைவேற்ற மட்டக்குதிரை ஏறி ஊர்தோறும் சென்றார்.

எழுபத்தைந்தாம் வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மலைமக்கள் அவரைக் கட்டிலில் சுமந்து கீழிறக்கினர். வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவை முறையால் நிமிர்த்திப் புகழ்பெற்ற மருத்துவர் பால் பிராண்டு அவருடைய மகனேயாவார். இனியேனும் ஓய்ந்திருக்குமாறு மகன் வேண்டினார். தாயோ இரண்டு மூங்கிற் கோல்களை ஊன்றிக்கொண்டு மீண்டும் மலையேறினார். அழகை விரும்பி வளர்ந்த அவர், இறுதி இருபது ஆண்டுகள் தம் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. கிணறுகளைச் சுற்றிக் கற்சுவர் எழுப்பவும், நீரைத் தூய்மையாய்க் காக்கவும் மக்களுக்குக் கற்பித்தார். அவர் எதிர்த்துப் போராடிய நரம்புச் சிலந்தி நோய் நம் நாட்டினின்று முற்றும் ஒழிந்ததாக 2000ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

1974ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில், தொண்ணூற்றைந்தாம் வயதில், அம்மையார் இயற்கை எய்தினார். மலைமீது கணவரின் கல்லறைக்கு அருகிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

மாணவர்களே! கேட்டது கிடைத்தால் கடவுளைப் போற்றுவதும், கிடைக்காவிடில் மறப்பதும் வாணிகமாகும், அன்பாகாது. இழந்தபோதும் குறையாத அன்பே உண்மைப் பக்தி என்பதைப் பிராண்டு அம்மையாரின் வாழ்வு காட்டுகின்றது. இன்று எழுபது வளைவுகளைக் கடந்து பேருந்தில் கொல்லிமலை ஏறுவோர், வழியே இல்லாத நாளில் கோலூன்றி ஏறிய அம்முதியவரையும் சற்று நினைத்தல் நன்று.